கருமூஞ்சியும் காலை வெயிலும்

தேவாரத்தில் பஸ் ஏறிப் பண்ணைப்புரம் வழியாகத் தெற்கே போனால் வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். இளையராஜா பிறந்த ஊரைத் தாண்டிய சற்று நேரத்தில் கோம்பை. மலையடிவாரத்துப் பேரூராட்சி, தென்னை, வாழை, திராட்சைப் பந்தல், மானாவாரிக் காடு. ஆனால் நாய் வளர்ப்பவர்களிடம் ‘கோம்பை’ என்று சொன்னால் இந்த ஊர் ஞாபகத்துக்கு வராது. செவலை உடம்பும் கரேலென்ற மூஞ்சியும் கட்டான கழுத்துமாக ஒரு காவல் நாய்தான் வரும். ஊரின் பெயரையே தன் பெயராக வாங்கிக்கொண்ட நாய் அது.

இன்று இணையத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் படங்கள் வந்து கொட்டுகின்றன. சிமென்ட் தரையில் நிற்கும் நாய். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி நிறுத்திய நாய். கண்காட்சிப் பந்தலில் கோப்பையோடு நாய். கொஞ்சம் செலவு செய்து எடுத்த படமென்றால், பின்னால் எல்லாம் பச்சைக் குழம்பாகக் கரைந்துபோக முகம் மட்டும் பளிச்சென்று தெரியும் நாய். இத்தனை படங்களிலும் காணாமல் போவது ஒன்றுதான்: கோம்பை. அதாவது மலை, செம்மண், கள்ளி, மாட்டுத்தொழு. இந்த நாய் எதற்காக இப்படி உருவானது என்பதற்கு விடை சொல்லும் பின்னணி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் அதை அழகாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டு நாயினங்களை வரிசையாகச் சொல்லும்போது இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று தொடங்கி மூச்சு வாங்கும் இடத்தில்தான் கோம்பை வரும். அரசு மரியாதையும் அந்த வரிசைப்படியே நடந்திருக்கிறது. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல்துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு இடம்பிடித்தது இராஜபாளையம். பிறகு தேசிய விலங்கு மரபு வளங்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் முதன்முதலாக நாயினங்கள் ஏறியபோதும் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் என்ற மூன்றுக்குத்தான் இடம். கோம்பையின் பெயர் நாடு முழுக்க ஒலித்தது 2020 ஆகஸ்ட் 30 அன்று. பிரதமர் நரேந்திர மோடி தம் ‘மனதின் குரல்’ வானொலி உரையில், நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லிப் பட்டியலிட்டவற்றில் அதுவும் ஒன்று.

இந்த நாய்களைப் பற்றி முறையாக எழுதியவர்களும் குறைவு. டபிள்யூ. வி. சோமன் 1963-ல் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2017-ல், தமிழகத்தின் தலைமை அஞ்சல் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் ஒரு நூல் கொண்டுவந்தார். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதியவர்களில் முக்கியமானவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர், காட்டுயிர்ப் படங்களைக் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒட்டுப்போட்ட கருவியோடு காடு சுற்றிய அவருக்கு 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. யானையைப் படமெடுத்த அதே மனிதர் நாட்டு நாயைப் பற்றியும் அக்கறையோடு எழுதினார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. காட்டுயிர்ப் படக்காரர்கள் பலருக்கு இன்றும் நாய் என்றால் இளக்காரம்தான்.

மலை மறைக்கும் சூரியன்

நாயை வெளியில் வைத்துப் படமெடுப்பது பற்றிச் சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானவை. ‘அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பொன்னான நேரம்’ என்பது அவற்றின் முதல் பாடம். அதை நம்பித் தேவாரத்தில் சாயங்காலம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஏமாந்து திரும்புவார்.

காரணம் மலை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் ஏலமலைத் தொடர். தேவாரமும் கோம்பையும் அதன் அடிவாரத்திலேயே ஒட்டிக்கிடக்கின்றன. நாட்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம் இன்னும் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும்போது மலையடிவாரத் தோட்டம் நிழலுக்குள் போய்விடும். பொன்னிற வெளிச்சம் முழுதாக வருவதற்குள்ளேயே கடை கட்டியாகிவிடும்.

காலையில் கதை தலைகீழ். மேகமலை, வருசநாட்டு மலைகள் இருப்பது பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், தூரத்தில். அவற்றைத் தாண்டி எழும் வெயில் நேராக மேற்கு மலையின் முகத்தில் வந்து விழுகிறது. கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றால், முன்னால் நாய், அதற்குப் பின்னால் முழு வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாக மலை. பொட்டிப்புரம் பக்கம் போனால், நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பெயர் அடிபட்ட அம்பரப்பர் மலையின் மொட்டைப் பாறையும் கிடைக்கும். மலையடிவார ஊர்களில் நாய்ப்படம் எடுக்க நினைப்பவர் காலைக் காபியை ஒத்திப்போட வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கின்றன. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறும். லண்டனில் கோடைக் காலையில் நெடுநேரம் சாய்ந்து கிடக்கும் வெயில் இங்கே சட்டென்று உச்சிக்குப் போய்விடும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியான வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். அப்போது எடுத்தால் நாயின் நெற்றி வெளுக்கும், கண் குழியில் நிழல் தேங்கும், நாக்கு ஒரு முழம் தொங்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி உடம்புச் சூட்டை இரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். அதைச் சிரிப்பு என்று நினைத்துப் படமெடுத்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தென்மேற்குப் பருவம் வந்தால் கேரளப் பக்கம் கொட்டும் மழையின் மிச்சம் மலையைத் தாண்டிச் சாரலாக இறங்கும். ஆடிக் காற்று காதைப் பிய்க்கும். படக்காரர்கள் சலித்துக்கொள்ளும் இந்தக் காலம்தான் உண்மையில் வசதியானது. மேகம் வெயிலை வடிகட்டித் தருவதால் நாள் முழுவதும் கடுநிழல் இருக்காது. காற்று எதிரே வரும்போது நாய் முகர்வதற்காகத் தலையை உயர்த்திக் கண்ணைச் சுருக்கிக் காதைப் பின்னுக்குத் தள்ளும். யாரும் விசில் அடித்தோ பிஸ்கட் காட்டியோ வாங்க முடியாத முகபாவம் அது.

கருப்பு என்னும் சோதனை

கோம்பையைப் படமெடுக்கும் எவருக்கும் முதலில் தொல்லை தருவது அதன் மூஞ்சிதான். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். வெள்ளை இராஜபாளையத்தைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாக்கும். பளபளக்கும் வானத்துக்கு முன்னால் கருமூஞ்சியைக் காட்டினால், வானத்தைச் சமாளிக்கப் போய் மூஞ்சியை ஒரு பொத்தலாக்கிவிடும். கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். வெளிச்ச அளவைக் கையால் ஒரு படி கூட்டினால் முகம் தெளியும். ஆனால் அப்போது செவலை உடம்பு சண்டைக்கு வரும். காலை வெயிலின் சிவப்பும் தோலின் சிவப்பும் சேர்ந்து, படத்தில் சிவப்பு மட்டும் எல்லை மீறி, ரோமம் தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும். கேமராத் திரையில் மூன்று நிறங்களின் வரைபடத்தையும் தனித்தனியே பார்க்கிறவர்களுக்குத்தான் இது பிடிபடும்.

கருவிகளும் கைகொடுத்துவிடாது. 2019-ல் சோனி நிறுவனம் விலங்குகளின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியைத் தன் கேமராக்களில் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. வேலையைப் பாதியாகக் குறைத்த வசதிதான். ஆனாலும் கண்ணும் அதைச் சுற்றிய தோலும் ஒரே கருப்பாக இருந்தால் அது தடுமாறும். செல்போனின் ‘போர்ட்ரெய்ட்’ வசதியோ காதின் ஓரத்தையும் மீசை முடியையும் கத்தரித்துக் கரைத்துவிடும்.

இதற்கு மருந்து தேவாரத்து மண்ணிலேயே இருக்கிறது. சாய்வெயில் செம்மண்ணில் பட்டு மேலே தெறிக்கும்போது, ஸ்டுடியோவில் பிடிக்கும் பிரதிபலிப்புத் தகடு செய்யும் வேலையை அந்தத் தரை செய்துவிடுகிறது. நாயின் தாடைக்கடியிலும் மூஞ்சியிலும் இளஞ்சூடான ஒளி ஏறும். முகத்தைத் திறந்த வானம் இருக்கும் பக்கம் திருப்பி நிறுத்தினால் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இருந்தால் உயிருள்ள நாய், இல்லாவிட்டால் பாடம் செய்த நாய். ஃபிளாஷ் போட்டுப் புள்ளி வரவைக்க நினைத்தால் விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளப்பான படலம் வெளிச்சத்தைத் திருப்பியடித்துப் பச்சைப் பேய்க் கண்ணாக்கிவிடும்.

ஓடும் நாய்க்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, அல்லது தெரிந்தும் மனம் வராதது, லென்ஸின் துவாரத்தைச் சுருக்குவது. இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய லென்ஸைப் பின்னணி கரையாத அளவுக்குச் சுருக்கிப் பயன்படுத்த எவருக்குத்தான் கை வரும்? ஆனால் பின்னால் நிற்பது எந்த மலை என்று அடையாளம் தெரிகிற அளவுக்குச் சுருக்கினால்தான் அது கோம்பையின் படம். இல்லாவிட்டால் கோயம்புத்தூர்ப் பூங்காவில் எடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாயின் உயரத்தில் உலகம்

2023-ல் மறைந்த அமெரிக்கப் படக்கலைஞர் எலியட் எர்விட் வாழ்நாள் முழுக்க நாய்களைப் படமெடுத்தவர். 1974-ல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. தொப்பி போட்ட குட்டி நாய் ஒன்று தரையில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள். அதற்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு நெட்டைக் கால்கள். உற்றுப் பார்த்தால் அவை ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள். கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கியதால் மட்டுமே சாத்தியமான வேடிக்கை. நாயைத் துள்ள வைக்க எர்விட் தாமே குரைப்பாராம். கோம்பையிடம் அதைச் செய்து பார்க்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

ஏனென்றால் இது அந்நியரிடம் ஒட்டாத இனம். ஓர் ஆளை நம்பும், ஒரு தொழுவைக் காக்கும். அதன் கண்ணுக்கு நேராகப் பெரிய லென்ஸை நீட்டுவது, நாய்ப் பாஷையில் முறைத்துப் பார்ப்பது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது எல்லாம் அதற்குப் பிடிக்கவில்லை என்பதற்கான அறிகுறிகள். அந்த நேரத்தில் எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக வந்தாலும் நாய் அறிந்தவர் கண்ணுக்கு அதன் சங்கடம்தான் தெரியும். வளர்ப்பவர் பக்கத்திலேயே இருக்க, படக்காரர் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதுதான் இங்கே செல்லுபடியாகும் வழி. கவனத்தைத் திருப்ப ஏதாவது காட்டுவதென்றால் நீலமோ மஞ்சளோ நல்லது. நாய்க்கு அந்த இரண்டு நிறங்களே தெளிவாகத் தெரியும். புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதற்குப் புல்லோடு புல்தான். எல்லாம் மீறிக் கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. ‘வீட்டு நாய்தானே’ என்ற சமாதானம் வெறிநாய்க்கடி நோய்க்குத் தெரியாது.

நாயின் உயரத்துக்கு இறங்கிய தமிழ்க் கேமரா என்று யோசித்தால் 2018-ல் வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ ஞாபகத்துக்கு வராமல் போகாது. ஸ்ரீதரின் ஒளிப்பதிவில், வேட்டை நாய்களும் இளைஞர்களும் குட்டையில் இறங்கும் அந்தத் தொடக்கக் காட்சியும் கருப்பி என்ற நாயும், ஒரு நாயை அது வாழும் நிலத்தோடும் அந்த நிலத்தின் சாதியோடும் சேர்த்துக் காட்டின. அதற்கு முன் தமிழ் சினிமாவில் நாய் என்றால் வில்லனைக் கடிக்கும், கதாநாயகனுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும்.

தொழுவும் வேலியும்

கோம்பையின் நிலம் என்றால் முதலில் மாடுதான். தேவாரம், கோம்பை, கூடலூர்ப் பக்கங்களில் மலை மாடுகளைக் கூட்டமாக வைத்து மேய்ப்பவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். காலையில் தொழுவிலிருந்து மாடுகளைப் பத்திக்கொண்டு போகும் நேரம், புழுதி கிளம்பி வெயிலில் தங்கமாக நிற்க, ஓரமாக நாய் தன் வேலையைப் பார்க்கும். உட்கார வைத்து எடுக்கும் நூறு படங்களில் கிடைக்காதது இந்தப் புழுதியில் கிடைக்கும்.

இந்த மேய்ச்சலே இன்று சிக்கலில் இருக்கிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதம் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. மாடு குறைந்தால் தொழு குறையும். தொழு குறைந்தால் காவல் நாய்க்கு வேலை இல்லை. வேலை போன நாய் மொட்டை மாடிக்கும் விற்பனைப் படத்துக்கும் போய்ச் சேர்வது அதன் தொடர்ச்சிதான்.

இங்கேதான் படக்காரரின் ஆசைக்கும் ஒரு வேலி வேண்டியிருக்கிறது. ‘இயற்கைச் சூழல்’ என்றதும் நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஏறிவிடத் தோன்றும். சாக்குலூத்து மெட்டு ஏறும் பாதை, மேலே சோலை, பனிமூட்டம் என்று கண்ணைப் பறிக்கும் காட்சிகள்தான். ஆனால் அது வனத்துறையின் காப்புக்காடு. மலையுச்சிக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா. தேவாரம் அடிவாரத்தில் மக்னா எனப்படும் தந்தமில்லா ஆண் யானை இறங்கி ஆட்களைக் கொன்று, அதைப் பிடிக்கக் கும்கி யானைகள் வரவழைக்கப்பட்ட கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை. காட்டில் யானையையோ கரடியையோ பார்த்த நாய் குரைத்து வம்பிழுத்துவிட்டு நேரே ஓடி வருவது எசமானிடம்தான், பின்னால் விருந்தாளியோடு.

காட்டுக்கும் அதனால் கேடு. வீட்டு நாய்களிடமிருந்து பரவக்கூடிய ‘டிஸ்டெம்பர்’ நோய்க்கிருமி 2018-ல் கிர் காட்டில் சிங்கங்களின் சாவில் கண்டறியப்பட்டது. இந்த மலைகளில் வாழும் செந்நாய்க்கும் அதே ஆபத்து உண்டு. உலகம் முழுவதுமே வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவாகத்தான் எஞ்சியிருக்கும் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு. செவலை நிறக் கோம்பையைக் காட்டுப் பின்னணியில் நிறுத்திப் படமெடுத்து, ‘செந்நாய் மாதிரியே இருக்கு பாருங்க’ என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது முயல் படம். நாய் வாயில் முயலைக் கவ்வி நிற்க, பக்கத்தில் மீசை முறுக்கிய இளைஞர். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கைத் துரத்துவதும் விரட்டுவதும்கூட வேட்டை என்றே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படத்தைப் பதிவேற்றுகிறவர், வனத்துறைக்குத் தன் கையாலேயே சாட்சியம் எழுதிக் கொடுக்கிறார்.

காட்டுக்குள் போகாமலே எவ்வளவோ இடம் இருக்கிறது. 18-ம் கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய்கள் நிறையும்போது கரையோரம் மலை தலைகீழாகத் தெரியும். அறுவடை முடிந்த சோளக்காடு, மானாவாரி மேடு, காற்றாலைகள் நிற்கும் பொட்டல், தோட்டத்து மோட்டார் அறை. கண்மாய் போக மற்றவை பெரும்பாலும் பட்டா நிலம். உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சங்கிலி விஷயமும் ஒன்று உண்டு. பாதுகாப்புக்காக நாயைக் கட்டி வைத்துப் படமெடுத்துவிட்டு, பிறகு கணினியில் சங்கிலியை அழித்துவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். நாட்காட்டிக்கு எடுக்கிற படமென்றால் செய்துகொள்ளலாம். ஓர் இனத்தை ஆவணப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்வது தவறு. தோட்டத்துக் காவல் நாய் பகலில் கட்டிப்போடப்பட்டிருப்பது அதன் வாழ்க்கையின் பாதி. அதை அழித்தால் மிஞ்சுவது விளம்பரம்.

நாயை அதன் வேலையோடு சேர்த்துப் பதிவுசெய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7-ம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்வர்களைக் கடித்ததையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பெயர், செயல், இடம், காலம், கூட நின்ற ஆள் என்று ஒரு படக்குறிப்பில் இருக்க வேண்டிய அத்தனையும் அந்தக் கல்லில் இருக்கிறது.

இன்றைய கோம்பைப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஒரிஜினல் கோம்பை, தொடர்புக்கு’ என்பதைத் தவிர வேறு குறிப்பே கிடையாது. கலப்பு மிகுந்துவிட்ட ஓர் இனத்தில் எது பழைய சாயல், எது புதுக் கலப்பு என்று நாளை ஒருவர் பிரித்துப் பார்க்க நினைத்தால், எந்த ஊரில், எந்த வருஷம், யார் தொழுவில் நின்ற நாய் என்ற விவரமும், பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய எடுத்த ஒரு படமும்தான் அவருக்கு உதவும். வளர்ப்பவரின் சம்மதம் கேட்டு அந்த விவரங்களை எழுதி வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால், பக்கத்துத் தோட்டத்து நாயையும் எடுக்க அவரே அழைத்துப் போவார்.